தற்கொலையும் சமூகவியலும்: இலங்கை ஆய்வுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

‘சமூகப் பிரச்சினை’ என்னுந் தொடர் இன்று எல்லோர் நாவிலும் வழங்குகின்றது. வேலையின்மை, சீதனம், குடிப்பழக்கம், கடன்சுமை என அதனாற் குறிக்கப்படும் பொருள்களும் பலவாகும். ஆயின் ஒரு துன்பம் எக்கட்டத்தில் தனியாளின் துன்பம் என்னும் நிலையைக் கடந்து சமூகப் பிரச்சினையாகின்றது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடைகாண முயன்ற துறை சமூகவியல். அத்துறையின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே அறிந்துகொள்ளத் தற்கொலையைக் காட்டிலும் பொருத்தமான உரைகல் பிறிதில்லை. மனிதன் செய்யும் செயல்களுள் மிகவும் அந்தரங்கமானது எனக் கருதப்படுவது அது. அதனைச் சமூகத்தைக் கொண்டு விளக்க இயலுமாயின் எஞ்சியவற்றை விளக்குதல் அரிதன்று.

நமது நாட்டுக்கு இது ஏட்டளவில் நின்ற வினாவன்று. 1950ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 6.5 என்றிருந்த தற்கொலை வீதம், 1995ஆம் ஆண்டில் ஏறத்தாழ 47 ஆக உயர்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக அது அந்நாளில் எண்ணப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் இந்நாட்டு மக்களின் மனவுறுதி ஏழிலொன்றாய்க் குறுகிவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார். ஆகவே விளக்கத்தைத் தனியாளின் உள்ளத்துக்கு வெளியே தேடவேண்டியதாயிற்று. அத்தேடலின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இத்தேடலைத் தொடக்கிவைத்தவர் பிரான்சிய அறிஞர் எமில் துர்க்கைம் (1858–1917). ‘தற்கொலை’ என்னும் அவரது நூல் 1897இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னர் வெளியிட்ட முறையியல் நூலில் ‘சமூக நேர்வு’ என்னுங் கருத்தை அவர் நிறுவியிருந்தார். தனியாளுக்குப் புறத்தே நின்று அவனை நெறிப்படுத்தும் வலிமை சமூகத்துக்கு உண்டு. அவ்வலிமையைப் பொருள்களை ஆராய்வது போலவே ஆராய வேண்டும் என்பது அவர் துணிபு. அத்துணிபை மெய்ப்பிக்கும் பரிசோதனையாகவே தற்கொலையை அவர் தெரிந்தெடுத்தார். புள்ளிவிபரங்களைத் திரட்டி ஒழுங்குசெய்யும் பணியில் அவருடைய மருமகன் மார்செல் மோஸ் துணைநின்றார். ஏறக்குறைய 26,000 மரணங்களின் பதிவுகளை மோஸ் வகைப்படுத்தினார் என்பர். அப்பதிவுகளைப் பார்வையிட வாய்ப்பளித்தவரோ நீதியமைச்சின் புள்ளிவிபரப் பகுதிக்குத் தலைவராயிருந்த கபிரியேல் தார்த். கொள்கையளவில் அவர் துர்க்கைமின் எதிராளி. மாற்றுக் கொள்கையினருக்குத் தரவுகளைத் திறந்துவிடும் இப்பண்பு நமது நூலகங்களிலும் திணைக்களங்களிலும் அருகிவருவதை நினைக்கும்போது இச்செய்தி சிறிது வியப்பையே தருகின்றது.

துர்க்கைம் கண்ட முடிவுகள் சமூகவியல் மாணவர் அனைவரும் அறிந்தவை. கத்தோலிக்கரிலும் புரட்டஸ்தாந்தரிடையே தற்கொலை மிகுதி. மணமானவரிலும் மணமாகாதாரிடையே மிகுதி. அமைதிக் காலத்திற் கூடியும் போர்க்காலத்திற் குறைந்தும் காணப்படும். பொருளாதாரம் வீழும்போது மட்டுமன்றித் திடீரென உயரும்போதும் அது அதிகரிக்கும். இவற்றை அவர் இரு கோட்பாடுகளுள் அடக்கினார். ஒன்று, குழுவோடு மனிதனுக்குள்ள பிணைப்பு. மற்றையது, மனிதனின் ஆசைகளுக்குச் சமூகம் இடும் வரம்பு. பிணைப்புத் தளர்ந்தவிடத்துத் தன்னலத் தற்கொலையும், அளவிறந்து இறுகியவிடத்துப் பரநலத் தற்கொலையும், வரம்பு குலைந்தவிடத்து நியமமின்மைத் தற்கொலையும் நிகழும் என்றார். வரம்பு மூச்சுமுட்டுமளவு இறுகியவிடத்து நிகழும் நான்காவது வகையொன்றையும் ஓர் அடிக்குறிப்பிற் சுட்டிச் சென்றார். அக்குறிப்பை அவர் விரித்தெழுதாமை பெருங்குறையே. கீழைத்தேய வீடுகளில் இளம் பெண்கள் படும் பாட்டை அவர் அறிந்திருப்பின் அது அடிக்குறிப்பாகச் சுருங்கியிராது.

பரநலத் தற்கொலை பற்றிப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு வடக்கிருத்தல் நினைவுக்கு வருவது இயல்பு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், கண்டறியாத நண்பன் பொருட்டுப் பிசிராந்தையார் உடன் வடக்கிருந்ததும் புறநானூற்றால் நாமறிந்தவை. ஒப்பீடு சுவையானதே. ஆயினும் வன்னியில் மிளகாய்ச் செய்கை பண்ணிக் கடன்பட்ட இளைஞனின் மரணத்தை விளங்கிக்கொள்ள அது உதவாது. பழம்பெருமையினூடாகச் சமகாலத்தை நோக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதாலேயே இதனை இங்கே சொல்ல நேர்ந்தது.

இலங்கையில் சமூகவியல் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றியது 1940களின் இறுதியிலாகும். அமெரிக்கரான பிரைஸ் றயன் அதற்கு அடித்தளமிட்டவருள் முதன்மையானவர். 1953இல் வெளிவந்த ‘நவீன இலங்கையில் சாதி’ என்னும் அவரது நூல் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அக்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த மறே ஸ்ட்ராஸ், ஜாக்குலின் ஸ்ட்ராஸ் என்போர் இணைந்து, இலங்கையில் தற்கொலை, கொலை, சமூக அமைப்பு என்பன குறித்து எழுதிய கட்டுரை அதே ஆண்டில் அமெரிக்கச் சமூகவியற் சஞ்சிகையில் வெளியாயிற்று. இறுக்கமான அமைப்புடைய சமூகத்தில் தற்கொலையும், நெகிழ்வான அமைப்புடைய சமூகத்தில் கொலையும் மிகும் என்பது அவர்தம் கருதுகோள். 1961இல் ஆதர் வூட் இலங்கையின் கொலை, தற்கொலை, பொருளாதாரக் குற்றம் ஆகியவற்றை மாறிவரும் சமூகத்தின் பின்னணியில் வைத்து ஒரு தனிநூலாக ஆராய்ந்தார்.

இம்முன்னோடிகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. மரணப் பதிவேடுகளையும் பொலிசாரின் அறிக்கைகளையும் சமூகச் சான்றுகளாகக் கொள்ளலாம் என்பதை இந்நாட்டிற் காட்டியவர்கள் அவர்களே. எனினும் ‘இறுக்கம்’, ‘நெகிழ்வு’ என்னுஞ் சொற்கள் விரைவிலேயே இனங்களுக்கு ஒட்டும் சீட்டுகளாயின. இன்ன இனத்தார் இயல்பிலேயே இன்ன குணத்தார் என்று சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. மேலும், அமைப்பின் இறுக்கமே காரணமாயின், அவ்வமைப்பு ஏழு மடங்கு இறுகினாலன்றி வீதமும் ஏழு மடங்கு உயர இயலாது. 1960களின் பின்னர் வீதம் உயர்ந்ததோ ஓரினத்தாரிடையே மட்டுமன்று. நிலையான அமைப்பைக் கொண்டு மாற்றத்தை விளக்க முற்பட்ட கோட்பாடு அம்மாற்றத்தின் முன் நின்று பிடிக்கவில்லை.

மாற்றத்தையே காரணமாகக் கொண்டு நோக்கியவர்கள் றொபேட் கேர்ணியும் பார்பரா மில்லரும் ஆவர். ‘ஆசியவியற் சஞ்சிகை’யில் 1985இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, இலங்கைத் தற்கொலை பற்றிய ஆய்வில் ஒரு திருப்பம் எனலாம். சனத்தொகைப் பெருக்கம், கல்வி விரிவு, வேலையின்மை, உள்நாட்டு இடப்பெயர்வு ஆகியவற்றை அவர்கள் ஒரே கோவையில் வைத்து நோக்கினர். 1946இல் 66 இலட்சமாயிருந்த மக்கள்தொகை 1971இல் ஒரு கோடி 27 இலட்சத்தை எட்டியது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயனைத் துய்த்த தலைமுறை உத்தியோகத்தை எதிர்பார்த்து நின்றது. உத்தியோகமோ அந்த அளவிற்கு இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தெற்கிலும், அதே காலத்திற் புகுத்தப்பட்ட பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் வடக்கிலும் இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிட்டியதற்கும் இடையிலிருந்த பிளவை வெளிப்படுத்தின.

இடப்பெயர்வு பற்றி அவர்கள் சொன்னது இன்னும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. புதிதாய்க் குடியேறியோர் செறிந்த வரண்ட வலய மாவட்டங்களிலேயே வீதம் மிக உயர்ந்து காணப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதல் மகாவலித் திட்டம் வரை அரசு குடியேற்றங்களை அமைத்தது. காணியும் வாய்க்காலும் வீடும் அளந்து கொடுக்கப்பட்டன. அளந்து கொடுக்க இயலாதவை சில உண்டு. பிணக்கு நேர்ந்தால் நடுவில் நின்று பேசும் மாமன், கோபித்துச் சென்றால் சோறிட்டு இருநாள் வைத்திருக்கும் பெரியம்மா, கடனை ஒரு போகம் பொறுக்கும் அயலவன் ஆகியோர் பழைய ஊரிலேயே தங்கிவிட்டனர். பிணைப்பு என்று துர்க்கைம் சொன்னது நம் மண்ணில் இத்தகைய உறவுகளையேயாகும்.

வடபகுதியின் நிலையும் இதனோடு ஒத்துச் செல்வது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் பலர் வன்னிக்குச் சென்று காடு வெட்டிச் செய்கை பண்ணினர். மலையகத் தோட்டங்களிலிருந்து பசியாலும் வன்செயலாலும் துரத்தப்பட்ட குடும்பங்களும் அங்கு வந்து சேர்ந்தன. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன, விலை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏற்றமும் இறக்கமும் ஒருங்கே வந்து போயின. நியமமின்மைக்கு உதாரணம் காட்டப் பாரிசு நகரப் பங்குச் சந்தைக்குச் செல்லவேண்டியதில்லை.

இவ்விடத்து ஓர் ஐயத்தை எதிர்கொள்ள வேண்டும். இப்புள்ளிவிபரங்கள் எவ்வளவுக்கு நம்பத்தக்கவை? 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் டக்ளஸ் இவ்வினாவைத் துர்க்கைமின் நூலை நோக்கியே எழுப்பினார். தற்கொலை என்பது ஓர் அதிகாரி இடும் பெயர். ஆகவே பதிவேடு காட்டுவது மரணங்களை மட்டுமன்று, அதிகாரிகளின் எண்ணங்களையுமாகும் என்பது அவர் வாதம். நமது நாட்டில் அப்பெயரை இடுபவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. அவரும் பெரும்பாலும் ஊரவரே. ‘காதல் தோல்வி’, ‘பரீட்சைத் தோல்வி’, ‘குடும்பத் தகராறு’ என்று காரணக் கட்டத்தில் எழுதப்படும் சொற்கள் ஆய்வாளரின் கைக்கு வருமுன்னரே ஒரு கோட்பாட்டின் வழியாக வடிகட்டப்பட்டவை. அச்சொற்கள் யாவும் துன்பத்தைத் தனியாளிடமே நிறுத்திவிடுகின்றன என்பதையும் காண்க. போதாக்குறைக்கு, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தற்கொலை முயற்சி 1998 வரை இந்நாட்டிற் குற்றமாகவே இருந்தது. தப்பிப் பிழைத்தவரின் குடும்பத்தார் வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லத் தயங்கியிருப்பர் என்பதை ஊகிக்கலாம். பதிவேட்டில் தவறு உண்டு என்பது மெய்யே. ஆனாற் பதிவாளரின் மனப்போக்கு மாறியதனால் மட்டும் ஒரு வீதம் ஏழு மடங்கு உயராது. டக்ளசின் எச்சரிக்கை தரவுகளைப் படிக்கும் முறையைத் திருத்துகின்றதேயன்றித் தரவுகளைக் கழித்துவிடவில்லை.

இந்த எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் இடம் யாழ்ப்பாணம். மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் இராஜதுரையுடன் இணைந்து 1995இல் வெளியிட்ட ஆய்வொன்று, 1980களில் வடக்கிற் போர் மூண்ட காலத்தில் தற்கொலை வீதம் குறைந்தது எனக் காட்டியது. 1866, 1870 ஆகிய ஆண்டுகளின் ஐரோப்பியப் போர்களைக் கொண்டு துர்க்கைம் சொன்னது ஒரு நூற்றாண்டின் பின் வேறொரு மண்ணில் உறுதிப்பட்டது போலத் தோன்றுகின்றது. பொது ஆபத்து மனிதரை நெருங்கச் செய்கின்றது. பதுங்குகுழியில் அயலவனோடு ஒருங்கிருந்தவனுக்குத் தன் துயரத்தோடு தனித்திருக்க இடமில்லை என்பது அதன் விளக்கம்.

இவ்விளக்கத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதனை விரும்பி ஏற்பதற்கு முன் வேறு சிலவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1983இன் பின்னர் இளைஞர் பெருந்தொகையாக வெளிநாடு சென்றனர், இயக்கங்களிற் சேர்ந்தவர் பலர், கொல்லப்பட்டவர் பலர். தற்கொலை மிகுதியாகக் காணப்படும் வயதினரே ஊரில் அருகிவிட்டபோது வீதத்தைக் கணிக்கும் அடித்தொகையே மாறிவிடுகின்றது. மரணம் மலிந்த காலத்தில் ஒரு மரணத்தைத் தனியே விசாரித்துப் பதிவதற்கு எவருக்கு அவகாசமிருந்தது? போர் மக்களைப் பிணைத்தது என்னுங் கூற்றில் அரசியல்வாதிக்கு இனிமை உண்டு. ஆய்வாளன் அவ்வினிமைக்கு அஞ்ச வேண்டும்.

இனி, இவ்வரலாற்றில் எவரும் எதிர்பாராத அத்தியாயத்துக்கு வருவோம். துர்க்கைம் தமது நூலில் தற்கொலைக்குக் கையாளப்படும் சாதனத்தை முக்கியமற்றது என ஒதுக்கினார். சமூகக் காரணம் நிலைத்திருக்க, ஒரு வழி அடைபட்டால் மனிதன் மற்றொரு வழியை நாடுவான் என்பது அவர் எண்ணம். நெடுங்காலம் சமூகவியலார் இதனைக் கேள்வியின்றி ஏற்றனர். இலங்கை அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது.

இந்நாட்டில் நிகழ்ந்த தற்கொலைகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சாதனமாயிருந்தது வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கும் பீடைகொல்லி. நமது கிராமங்களில் அதனை ‘மருந்து’ என்றே சொல்வர். நோய்க்குக் கொடுப்பதும் பயிருக்கு அடிப்பதும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டு, ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒரே தட்டில் இருந்தன. 1980ஆம் ஆண்டுப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவாளர் நியமிக்கப்பட்டார். 1984 முதல் மிக நச்சுத்தன்மை வாய்ந்த வகைகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் முதல்வகுப்பு நஞ்சுகள் என வகுத்தவற்றுள் எஞ்சியவை 1995இல் நீக்கப்பட்டன. 1998இலும், 2008 தொடக்கம் 2011 வரையிலும் மேலும் சில விலக்கப்பட்டன. 1997இல் சனாதிபதி அமைத்த குழு தற்கொலைத் தடுப்புப் பற்றி ஆராய்ந்தது. மறு ஆண்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது.

விளைவு வியக்கத்தக்கது. 1995இல் உச்சத்தை எட்டிய வீதம் பத்தாண்டுகளிற் பாதியாகக் குறைந்தது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிட, அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20,000 மரணங்கள் குறைந்திருந்தன எனக் கணல், எடில்ஸ்ரன் முதலிய ஆய்வாளர்கள் 2007இற் காட்டினர். 2015 வரையிலான வீழ்ச்சி ஏறத்தாழ 70 வீதம். இக்காலத்தில் வேலையின்மை தீரவில்லை, குடி குறையவில்லை, போரோ 2009 வரை நீடித்தது. வைத்தியசாலைகளில் நஞ்சருந்தி அனுமதிக்கப்பட்டோர் தொகையும் குறையவில்லை, கூடவே செய்தது. குறைந்தது இறந்தோரின் தொகை. கொடிய நஞ்சு கைக்கெட்டாதபோது, ஒரு கணத்துக் கோபத்தில் அல்லது ஆற்றாமையிற் செய்த செயலிலிருந்து மனிதர் பிழைத்தனர். பிழைத்தவருட் பலர் பின்னர் வாழவே விரும்பினர். 1960களில் இங்கிலாந்தில் வீடுகளுக்கு வழங்கிய நிலக்கரி வாயுவுக்குப் பதிலாக நச்சற்ற வாயு வந்தபோது தற்கொலை மூன்றிலொரு பங்களவு குறைந்தமையும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

இதனைக் கண்டு, சமூகவியலார் அரைநூற்றாண்டு பேசியது வீண்பேச்சு. ஒரு பதிவாளரின் கையெழுத்து அதனைக் காட்டிலும் அதிகஞ் சாதித்தது என்று சொல்வோர் உளர். அவர்கள் கூற்றில் உறைப்பான ஓர் உண்மை உண்டு. பிணைப்புக் குலைந்த சமூகத்தைப் பிணைக்க எவராலும் ஆணை பிறப்பிக்க முடியாது; ஒரு நஞ்சை விலக்க முடியும். ஆயின் அவர்கள் காணத் தவறுவதும் ஒன்றுண்டு. அந்த நஞ்சு வீட்டுத் தட்டுக்கு எவ்வாறு வந்தது? பசுமைப் புரட்சி கொணர்ந்த புதிய நெல்லினங்களோடும், குடியேற்றத் திட்டங்களோடும், பயிர்க் கடனோடும், சந்தைக்கென்றே செய்யும் விவசாயத்தோடும் அது வந்தது. முப்பாட்டன் காலத்து உழவனின் வீட்டில் அது இருக்கவில்லை. ஆகவே சாதனமும் ஒரு சமூக நேர்வே. துர்க்கைம் தவறியது சமூகத்தைத் தேடியதிலன்று. சமூகத்தை உறவுகளிலும் நியமங்களிலும் மட்டுமே தேடி, வீட்டுத் தட்டில் இருந்த போத்தலில் தேடாது விட்டதிலேயே அவர் தவறினார்.

குறையாது நிற்கும் அந்த வைத்தியசாலை அனுமதிகளே இனிச் சமூகவியலுக்குரிய களம். ரொம் விட்ஜர் போன்ற மானிடவியலார், இச்செயல்கள் பலவற்றை இறப்பை நாடிய செயல்களாக மட்டுங் கொள்ளாது, நேரே பேச உரிமையற்றோர் தம் உறவினரை நோக்கிச் சொல்லும் சொல்லாகவும் கண்டுள்ளனர். மாமியாரிடம் எதிர்த்துப் பேச முடியாத மருமகளும், தந்தையை மறுத்துரைக்க இயலாத மகனும் அச்சொல்லைக் கையாள்கின்றனர். பேச்சைக் கேட்க ஆளிருந்தால் அச்சொல்லுக்குத் தேவை குறையும் என்ற எண்ணத்திலேதான் 1974இற் கொழும்பிற் சுமித்ரயோ அமைப்புத் தோன்றியது. யாழ்ப்பாணத்திற் சாந்திகம் நிலையமும் அவ்வழியிற் பணிபுரிந்து வந்துள்ளது.

போர் முடிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. கணவனை இழந்த பெண்கள் உட்படப் பலர் குழுவாகச் சேர்ந்து கடன் பெற்றனர். ஒருத்தி தவணை தவறினால் மற்றையோர் பொறுப்பு. கடன் தாங்காது உயிர்நீத்த பெண்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. 2018இல், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. இங்கே பிணைப்பு இல்லாமலில்லை. அயலவள் என்னும் உறவையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்கப்பட்டது. முன்னர் ஒரு போகம் பொறுத்த அயலவள் இப்போது தவணைக்காக வாசலில் வந்து நிற்க வேண்டியவளானாள். பிணைப்பே சுமையாகும் இந்நிலையைத் துர்க்கைமின் நான்கு வகைகளுள் எதில் அடக்குவது என்பது எளிதிற் புலப்படவில்லை.

அண்மையில் இப்பொருள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவரின் வினாக்கொத்தைப் பார்க்க நேர்ந்தது. வயது, சமயம், கல்வித் தகைமை, மாத வருமானம், குடும்ப அங்கத்தவர் தொகை என நாற்பது வினாக்கள் ஒழுங்காக இருந்தன. முன்னுரையில் நியமமின்மை என்னுஞ் சொல் ஒன்பது முறை வந்திருந்தது. தவணை அறவிடுபவர் வாரத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் வீட்டு முற்றத்துக்கு வருகின்றார் என்னும் வினா மட்டும் அதில் இல்லை. அதனை நாற்பத்தோராவது வினாவாகச் சேர்க்கும்படி சொன்னேன். முதலாவதாகவே வைக்கிறேன் என்றார் அவர்.